புயல் குளிருக்குப் பின் விரால் ஏன் இரையைத் தொடவில்லை?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். வங்கக் கடலில் புயல் கரையைக் கடந்து, பெங்களூரில் மூன்று நாள் மூட்டமும் தூறலுமாக இருந்து, நான்காம் நாள் வானம் வெளுத்தது. அன்று விடியற்காலையில், நகருக்கு வெளியே அனுமதி வாங்கிய ஒரு குளத்துக்குப் போனீர்கள். குளிர்காற்றின் முன்விளிம்பான குளிர் வளிமுகம் கடந்த பிறகு ஆழத்தில், மெதுவாக, சிறிய உயிர் இரையைப் போடு என்று அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிப்பவர்கள் சொல்வதை அப்படியே பின்பற்றி, கெண்டைக் குஞ்சைக் கோர்த்து அடித்தரையில் இறக்கி ஒன்பது மணி வரை காத்திருந்தீர்கள். விரால் ஒன்றுகூடத் தொடவில்லை. பாஸுக்குச் சொன்னது விராலுக்கும் பொருந்துமா என்பது உங்கள் கேள்வி. ரப்பர் தவளை வாங்கலாமா என்பது வால் கேள்வி. நடுவில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: கோர்த்த குஞ்சுகள் ஒரு மணி நேரம்கூடத் தாங்காமல் செத்துக்கொண்டே இருந்தன என்று. உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அந்த வரியில் இருப்பதாக எனக்குப் படுகிறது.

நான் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்தவன். பெங்களூரைச் சுற்றியுள்ள மீன் பண்ணைக்காரர்களுக்குத் தண்ணீரைச் சோதித்துச் சொல்வது நெடுங்காலம் என் தொழிலாக இருந்தது. தூண்டில் அதற்கும் முந்தைய பழக்கம். ஆனால் பாஸ் மீனை நான் கையில் பிடித்ததில்லை. அதைப் பற்றி இங்கே சொல்வதெல்லாம் படித்தது. விராலைப் பற்றிச் சொல்வது படித்ததும் பார்த்ததும் கலந்தது. எது எது என்று ஆங்காங்கே பிரித்துச் சொல்கிறேன்.

பாஸிலிருந்து தொடங்குவோம். பெரியவாய் பாஸ் வட அமெரிக்க நன்னீர் மீன். நம் கடைகளில் ‘ஏசியன் சீபாஸ்’ என்று விற்கிற கொடுவாய்க்கும் அதற்கும் உறவில்லை. அங்கே வடக்கிலிருந்து கனமான குளிர்காற்று ஆப்புபோல் வெப்பக் காற்றின் அடியில் நுழைந்து தள்ளிக்கொண்டு வருகிறது. அதன் முன்விளிம்பைத்தான் குளிர் வளிமுகம் என்கிறார்கள். அது வந்து சேர்வதற்கு முன் காற்றழுத்தம் இறங்கும், மேகம் கூடும். அந்த நேரத்தில் பாஸ் வெறியோடு தின்னும் என்பது அங்குள்ளவர்களின் அனுபவம். வளிமுகம் கடந்ததும் அழுத்தம் ஏறும், வானம் துடைத்துவிட்டதுபோல் நீலமாகும், வடமேற்குக் காற்று வீசும், வெப்பநிலை ஒரே இரவில் பத்துப் பதினைந்து டிகிரிகூட விழும். மீன் செடிப்புதருக்குள்ளோ, மூழ்கிய மரத்தடியிலோ ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். துரத்தாது. மூக்குக்கு முன்னால் இரை தானாக வந்து நின்றால் எடுக்கும். அதனால்தான் செயற்கை இரையை வைத்துவிட்டு உயிருள்ள ஷைனர் என்ற சின்ன மீனையோ மண்புழுவையோ தேடிப் போகிறார்கள். இது நியாயமான அறிவுரைதான். பாஸ் செவுளால் மட்டும் மூச்சுவிடும் மீன் என்பதையும், அங்குள்ள ஏரிகள் பல ஆழமும் தெளிவும் உள்ளவை என்பதையும் அந்த அறிவுரை சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது. நம் ஊருக்குக் கொண்டுவரும்போது இந்த இரண்டிலும்தான் அது கவிழ்கிறது.

காற்றழுத்தத்தைப் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். அழுத்தம் ஏறினால் மீனின் காற்றுப்பை இறுகும், அசௌகரியத்தில் வாயை மூடிக்கொள்ளும் என்பார்கள். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. காரணம் எளிய கணக்கு. ஒரு ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் என்பது ஒரு சென்டிமீட்டர் தண்ணீருக்குச் சமம். வலுவான வளிமுகம் கடந்து அழுத்தம் 20 ஹெக்டோபாஸ்கல் ஏறினாலும், மீன் ஒரு சாண் மேலே நகர்ந்தால் கணக்கு நேராகிவிடும். விரால் ஒரு மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வந்து காற்றை விழுங்கிப் போகும் ஒவ்வொரு முறையும் 100 ஹெக்டோபாஸ்கல் மாற்றத்தைக் கடக்கிறது. நாள் முழுக்க அதைச் செய்கிற மீனுக்கு வானிலை அறிக்கையின் எண் என்ன செய்துவிடும்? இன்னொன்றும் உண்டு. நம் அட்சரேகையில் காற்றழுத்தம் கடல் அலைபோலத் தினமும் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. காலை பத்து மணியளவில் உச்சம், மாலை நான்கு மணியளவில் சரிவு, இடையில் மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் வேறுபாடு. புயல் எதுவும் இல்லாத நாளிலும் இது நடக்கும். கைப்பேசிச் செயலியில் கோடு இறங்குவதைப் பார்த்துத் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் பலநேரம் இந்த அன்றாட அசைவைத்தான் பார்க்கிறார்கள். மீன்கள் நுண்ணிய அழுத்த மாற்றத்தை உணரவே உணராது என்று நான் சொல்லவில்லை. அழுத்தம் மாறும்போதெல்லாம் மேகமும் காற்றும் வெளிச்சமும் வெப்பமும் சேர்ந்தே மாறுகின்றன. அவற்றில் எது மீனைத் தடுத்தது என்று கரையில் நின்று பிரித்துச் சொல்ல முடியாது.

இனி நம் ஊர். பெங்களூர் 13 டிகிரி வடக்கில், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 920 மீட்டர் மேலே இருக்கிறது. அமெரிக்கச் சமவெளியில் வருகிற வகைக் குளிர் வளிமுகம் இவ்வளவு தெற்கே வருவதில்லை. நமக்கு வரும் குளிர் இரண்டு விதம். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். முதலாவது புயல் குளிர். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையேறியபோதும், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியபோதும் பெங்களூரில் ஸ்வெட்டரைக் கழற்ற முடியாமல் இருந்தோமே, அது. அதில் இரவு அவ்வளவாகக் குளிராது. பகல்தான் சூடாகாது. சூரியன் முகமே காட்டாது. இரண்டாவது மார்கழி, தை மாதங்களின் வாடைக் குளிர். வானம் தெளிந்து, காற்று உலர்ந்து, இரவில் நிலம் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடும். இந்த நகரத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையான 7.8 டிகிரி 1884 ஜனவரியில் பதிவானது. ஆனால் அந்த நாட்களில் பகல் வெயில் சுள்ளென்று இருக்கும். நம்மவர்கள் இரண்டையும் ஒன்றாகவே ‘குளிர்’ என்று சொல்லி, ஒரே மாதிரி தூண்டில் போடுகிறோம். தண்ணீருக்குள் நடப்பது வேறு வேறு.

மழை பெய்ததால் ஏரி குளிர்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். மழையின் பங்கு அதில் மிகச் சிறியது. இரண்டு மீட்டர் ஆழமும் 24 டிகிரி வெப்பமும் உள்ள ஏரியில் 20 டிகிரி மழைநீர் 25 மில்லிமீட்டர் விழுந்தால், மொத்தத் தண்ணீரும் 0.05 டிகிரிதான் குளிரும். வாய்க்கால் வழியாகப் பாய்ந்து வருகிற வெள்ளம் வேறு கணக்கு. அது வந்து விழும் மூலை மட்டும் வெகுவாகக் குளிர்ந்து கலங்கும். ஏரி முழுவதையும் குளிர்விப்பது காற்றும் ஆவியாதலும். ஒரு நாளில் 5 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியானால் அது எடுத்துச் செல்லும் வெப்பம் இரண்டு மீட்டர் ஆழ ஏரியை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி குளிர்விக்கப் போதும். மற்ற நாட்களில் வெயில் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மூட்டமான நாளில் திருப்பிக் கொடுக்க ஆளில்லை. இப்படி மூன்று நாளில் மூன்று நான்கு டிகிரி இறங்கிவிடலாம். டிசம்பர், ஜனவரியில் நான் அளந்த குளங்களில் மேல்தண்ணீர் பெரும்பாலும் 20 முதல் 24 டிகிரிக்குள் இருந்தது.

இந்த மூன்று நான்கு டிகிரி மீனை எவ்வளவு மாற்றும்? மீனுக்குச் சொந்தச் சூடு கிடையாது. தண்ணீரின் வெப்பமே அதன் உடலின் வெப்பம். பத்து டிகிரி குறைந்தால் உடலின் செயல்வேகம் தோராயமாகப் பாதியாகும் என்பது பொதுவான விதி. அந்தக் கணக்கில் நான்கு டிகிரி குறைந்தால் கால் பங்குதான் வேகம் குறையும். செரிமானம் நீளும், பசி தள்ளிப்போகும், துரத்தும் தூரம் சுருங்கும். ஆனால் வாய் பூட்டிக்கொள்ளாது. அமெரிக்காவில் தண்ணீர் பத்து டிகிரிக்குக் கீழே போகும்போதுதான் பாஸ் இரை எடுப்பது வெகுவாகக் குறைகிறது. நம் ஏரி எதுவும் அந்தப் பக்கமே போவதில்லை. ஆகவே நான்காம் நாள் காலையில் உங்கள் விரால் தொடாததற்குக் குளிரை மட்டும் குற்றவாளியாக்க என் மனம் ஒப்பவில்லை.

செத்துப்போன குஞ்சுகளுக்கு வருகிறேன். குளிர்ந்த தண்ணீர் கூடுதல் ஆக்சிஜனைத் தாங்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். உண்மைதான். பெங்களூரின் உயரத்தில் 25 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு ஏறக்குறைய 7.4 மில்லிகிராமும், 20 டிகிரித் தண்ணீர் 8.2 மில்லிகிராமும் கொள்ளும். ஆனால் அது பாத்திரத்தின் கொள்ளளவு மட்டுமே. அதை நிரப்புவது யார்? கழிவுநீர் கலந்து பச்சைப் பாயசமாக இருக்கும் நம் ஏரிகளில் பகலில் பாசிதான் நிரப்புகிறது. இரவில் அதே பாசியும், அடிச்சேற்றில் மட்கும் கழிவும் அதைக் குடித்துத் தீர்க்கின்றன. மூன்று நாள் சூரியன் இல்லையென்றால் வரவு இல்லை, செலவு மட்டும் தொடர்கிறது. போதாக்குறைக்கு, மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்கும்போது, அடியில் அதுவரை ஒதுங்கிக் கிடந்த ஆக்சிஜனற்ற, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் தண்ணீர் மேலே கலந்துவிடும். இத்தகைய நாட்களில் விடியற்காலையில்தான் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். கெண்டை வகை மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து நிற்பதைப் பண்ணைக்காரர்கள் அந்த நேரத்தில்தான் பார்க்கிறார்கள். 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தது உங்களுக்கும் நினைவிருக்கலாம். அது கோடையில் நடந்தது, மூட்டத்தால் வந்ததல்ல. ஆனால் அங்கும் ஆக்சிஜன் குறைவைத்தான் காரணமாகச் சொன்னார்கள்.

நீங்கள் விடியற்காலையில், அடித்தரையில், கெண்டைக் குஞ்சை இறக்கினீர்கள். நாளின் மிக மோசமான நேரம், குளத்தின் மிக மோசமான இடம், ஆக்சிஜன் குறைவைத் தாங்காத இரை. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. குஞ்சு முள் குத்தியதால் சாகவில்லை, மூச்சுத் திணறிச் செத்தது என்று ஏறக்குறைய உறுதியாகவே சொல்லலாம். வாளியில் இருந்த மிச்சக் குஞ்சுகள் பிழைத்திருந்தன என்றும் எழுதியிருக்கிறீர்களே, அது இதற்குச் சாட்சி.

சரி, விரால் எங்கே இருந்தது? பாஸிலிருந்து அது முழுவதும் பிரிகிற இடம் இதுதான். விராலுக்குச் செவுளுக்கு மேலே காற்றை உறிஞ்சும் தனி அறை இருக்கிறது. அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து காற்றை விழுங்கியே ஆக வேண்டும். வலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் தண்ணீருக்குள்ளேயே மூச்சடைத்துச் செத்துவிடும். தண்ணீர் குளிரும்போது தேவை குறைந்து, மேலே வரும் இடைவெளி நீளும், அவ்வளவுதான். ஆக்சிஜன் இல்லாத தண்ணீர் விராலை ஒன்றும் செய்யாது. மாறாக, அடித்தண்ணீர் கெட்டுக் கிடக்கும்போது காற்றுக்காகப் பல முறை ஏறி இறங்க வேண்டிய மீன் ஆழத்தில் போய் நிற்பது அதற்கு வீண் செலவு. குறைந்த உழைப்பில் மூச்சுவிடவும், கிடைக்கும் வெயிலில் உடலைச் சூடேற்றவும் முழங்கால் ஆழத் தண்ணீர்தான் வசதி. அதனால் குளிருக்குப் பிறகு பாஸைத் தேடி ஆழத்துக்குப் போகிறவர்கள் போகட்டும். விராலைத் தேடுகிறவர் கரையோரத்துக்கு வர வேண்டும். விரால் காற்றை விழுங்கியே ஆக வேண்டும் என்பது நிறுவப்பட்ட உண்மை. குளிரில் கரையை நாடுகிறது என்பது நானும் இங்குள்ள மீனவர்களும் பார்த்துப் பார்த்துச் சேர்த்த முடிவு. உங்கள் குளத்தில் அது மாறியும் இருக்கலாம்.

எந்தக் கரை என்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். வடகிழக்கிலிருந்து வாடை வீசும் நாட்களில், கரையோ கோரைப் புதரோ காற்றை மறைக்கிற வடக்கு, கிழக்கு ஓரங்களில் தண்ணீர் அலையின்றி நிற்கும், வெயிலில் சீக்கிரம் சூடாகும். எதிர்க்கரையில் அலை மோதும், ஆக்சிஜன் சற்றுக் கூடும், சின்ன மீன்கள் அங்கே ஒதுங்கலாம். பாஸ் பிடிப்பவர்கள் இந்த அலைக்கரையை விரும்புவார்கள். விராலுக்கு நான் மறைவுக் கரையையே தேர்ந்தெடுப்பேன். ஆகாயத்தாமரை மூடிக்கிடந்தால் அதன் விளிம்பு, சம்புக்கும் கோரைக்கும் இடையிலுள்ள திட்டு, மதகின் பக்கத்துக் கருங்கல் சுவர், இந்த மூன்றில் ஒன்று போதும். பகல் வெயிலை வாங்கிய கல் மாலைவரை சூட்டை வைத்திருக்கும். வாய்க்கால் வந்து விழும் மூலையைப் புதுவெள்ளம் வரும் காலத்தில் எல்லோரும் தேடிப் போவோம். புயல் குளிரில் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, மூட்டம் கலைந்த முதல் நாளில் காலைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதே இல்லை. பத்தரை, பதினொரு மணிக்குப் போங்கள், நான்கு மணி வரை உட்காருங்கள். பாசி வேலை செய்யத் தொடங்கி, மேல்தண்ணீர் ஓரிரு டிகிரி ஏறி, சின்ன மீன்கள் நடமாடத் தொடங்கிய பிறகுதான் விராலும் அசையும். இரண்டாம் நாள் முதல் நாளைவிட நன்றாக இருக்கும் என்பது என் அனுபவம். மூட்டம் இருக்கும் நாட்களிலேயே போக வேண்டுமென்றால், முதல் நாள் பரவாயில்லை, மூன்றாம் நாள் வேண்டாம். தை மாத வாடைக் குளிரில் கதை வேறு. அப்போது பகல் முழுக்க வெயில் இருப்பதால் ஆக்சிஜன் சிக்கல் அவ்வளவாக இல்லை. ஆனால் தண்ணீர் தெளிந்து, வெளிச்சம் ஊடுருவி, மீன் உங்கள் நிழலைப் பார்த்தே ஒதுங்கும். நண்பகல் வெயிலில் புதருக்கடியில் இருக்கும் மீனுக்கு, கரையிலிருந்து தள்ளி உட்கார்ந்து, நீண்ட கழியால் சத்தமின்றி இரையை இறக்க வேண்டும். பாஸ்காரர்களின் அறிவுரையில் நமக்கு அப்படியே பொருந்துவது இதுதான்: சின்ன இரை, குறைந்த அசைவு, நிறையப் பொறுமை.

இனி இரை. எனக்குப் பேச அலுக்காத விஷயம் என்பதால் சற்று நீளும். ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் கட்லா, ரோகு குஞ்சுகளைக் கோர்க்காதீர்கள். அவை பண்ணையில் சொகுசாக வளர்ந்தவை. மண்புழு எதையும் தாங்கும். புயலுக்குப் பிந்தைய நாட்களில் ஐந்தாறு மண்புழுக்களை நடுவில் கோர்த்து, முனைகள் தொங்கி நெளியும்படி விட்டால் அதுவே முதல் தரமான உயிர் இரை. மீனே வேண்டுமென்றால் அதே குளத்தில் பிடித்த ஜிலேபி (திலாப்பியா) மீன் குஞ்சு நல்லது. அந்தத் தண்ணீரின் குறையைத் தாங்கியே அது வளர்ந்திருக்கிறது. விரல் நீளத்துக்கு மேல் வேண்டாம். குளிர்ந்த விரால் பெரிய இரையை வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடும்.

வீட்டிலிருந்து கொண்டுபோவதானால் இரண்டு விஷயங்கள். குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. திறந்த வாளியில் ஓர் இரவு காற்றுக் குமிழி விட்டு வைத்த பிறகே குஞ்சுகளை விடுங்கள். அடுத்தது வெப்பநிலை. அறைக்குள் 25 டிகிரியில் இருந்த வாளி மீனை 20 டிகிரிக் குளத்தில் சட்டென்று இறக்கினால், ஆக்சிஜன் இருந்தாலும் அது மரத்துப்போய் மிதக்கும். குளத்துத் தண்ணீரைச் சிறிது சிறிதாக வாளியில் சேர்த்து, கால் மணி நேரம் பழக்கிவிட்டுக் கோர்த்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் அவற்றுக்குத் தீனி போடாமல் இருந்தால் வாளித் தண்ணீர் கெடாது. மின்கலத்தில் ஓடும் சின்னக் காற்றுக்கருவி எந்த மீன் தொட்டிக் கடையிலும் கிடைக்கும். சிவாஜிநகர் ரஸல் மார்க்கெட் பக்கத்தில் நான் வாங்கியது இன்னும் ஓடுகிறது.

கோர்க்கும் இடமும் முக்கியம். நிற்கும் தண்ணீரில் முதுகுத் துடுப்புக்குச் சற்றுப் பின்னால், தண்டெலும்புக்கு மேலே, தோலோடு கொஞ்சம் சதை சேர முள்ளை ஏற்றினால் குஞ்சு நெடுநேரம் நீந்தும். உதட்டில் கோர்ப்பது ஓடும் தண்ணீருக்கும், இழுத்துப் போகும் தூண்டிலுக்கும்தான் சரி. குளிர்காலத்தில் முள்ளை ஒரு அளவு சிறிதாக்குங்கள். எடைக்கு ஈயம் வேண்டாம், போட்டாலும் பட்டாணி அளவில் ஒன்றே போதும். தக்கையிலிருந்து முள்வரை இரண்டு சாண், மிஞ்சினால் மூன்று. விரால் மேலே பார்த்து எடுக்கும் மீன், அடியில் கிளறாது. இரை அதன் தலைக்கு மேலே தொங்க வேண்டும்.

குளிர்ந்த விரால் எடுப்பதும் மாறும். தக்கை சடாரென்று முங்காது. லேசாகச் சாயும், பக்கவாட்டில் ஊரும், சில நேரம் தூக்கிக்கொடுத்ததுபோல் படுத்துவிடும். உடனே சுண்டினால் இரை மட்டும் வரும். தூண்டில் நரம்பைத் தளர விட்டு, அது ஒரே திசையில் நகரத் தொடங்கியதும் இழுங்கள். மிகவும் தாமதித்தால் முள்ளை வயிறுவரை விழுங்கிவிடும், திருப்பி விடும் எண்ணம் இருந்தால் அது வீணாகும். மாட்டிய பிறகு நரம்பைத் தளர்த்தி ஆகாயத்தாமரைக்கடியில் ஓட விடாதீர்கள். அங்கே சிக்கி மேலே வர முடியாமல் போனால், முன்பே சொன்னபடி, கரைக்கு வருவது மூச்சடைத்த மீன்தான்.

நிலவின் பிறை, சூரிய-சந்திர நேர அட்டவணை ஆகியவற்றைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். கடலோரத்தில் ஏற்ற இறக்கத்துக்கு அதற்குப் பொருள் உண்டு. நம் ஏரிக்கு அதைவிட நானூறு ரூபாய் வெப்பமானி உபயோகமானது. நூலில் கட்டி ஒரு சாண் ஆழத்திலும் ஒரு மீட்டர் ஆழத்திலும் அளந்து பாருங்கள். மேலே இரண்டு டிகிரி கூடுதலாக இருந்தால் உட்காருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்து, தண்ணீரில் அழுகல் வாடையும் அடித்தால், அடித்தண்ணீர் மேலே கலந்து ஏரி புரண்டிருக்கிறது என்று கொண்டு வீட்டுக்குப் போய் மறுநாள் வருவது நல்லது. புரண்ட ஏரியிலும் கெளுத்தி சில நேரம் மண்புழுவை எடுக்கும். ஆனால் அதற்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை.

நீங்கள் கேட்காத இரண்டைச் சொல்லிவிட வேண்டும். பெங்களூர் ஏரிகளில் பலவற்றின் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கிறது. சிலவற்றில் தூண்டிலுக்கே தடை. நீங்கள் அனுமதி வாங்கிப் போனது சரி, நண்பர்களையும் அப்படியே பழக்குங்கள். நகருக்குள் கழிவுநீர் சேரும் ஏரி மீனைச் சமைக்க வேண்டாம். 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் தீப்பிடித்த பெலந்தூர் ஏரி இதே ஊரில்தான் இருக்கிறது. இரண்டாவது, மிஞ்சிய இரைமீனை ஏரியில் கொட்டாதீர்கள். ஜிலேபி 1952-இல் நாமே கொண்டுவந்த மீன், இப்போது எந்தக் குளத்தில் இல்லை? பாஸை இங்கே கொண்டுவந்து விட்டால் என்ன என்று உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர் ஆசைப்பட்டிருக்கிறார். ஜப்பானில் 1925-இல் ஒரே ஓர் ஏரியில் விட்டார்கள். 2005-இல் அதை வளர்ப்பதையும் வேறிடத்துக்குக் கொண்டுபோவதையும் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியதாயிற்று. 1932-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் பிடிபட்ட உலகச் சாதனை பாஸுக்கு இணையான மீன் 2009-இல் அகப்பட்டதும் ஜப்பானின் பிவா ஏரியில்தான். வந்த இடத்தில் அவ்வளவு செழிப்பாக வளர்ந்திருக்கிறது. நம் விராலுக்கு அந்த விருந்தாளி வேண்டாம்.

ரப்பர் தவளை வாங்குங்கள், ஆனால் பிப்ரவரிக் கடைசியில் வாங்குங்கள். தண்ணீர் 26 டிகிரியைத் தாண்டி, விரால் மேற்பரப்பில் பாய்ந்து அடிக்கும் நாட்களுக்கு அது அருமையான கருவி. குளிர்ந்த தண்ணீரில், இலைமேல் தத்திப் போகும் பொம்மையைத் துரத்த மீனுக்கு மனம் வராது. அதற்குப் பதில் உயிருள்ள தவளையைக் கோர்க்கலாமா என்று தயவுசெய்து அடுத்த கேள்வி கேட்காதீர்கள். தவளைக்கால் ஏற்றுமதிக்கே 1987-இல் தடை விதித்த நாடு இது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலிலும் தவளைகள் இருக்கின்றன. கையில் இருப்பது எந்த இனம் என்று ஏரிக்கரையில் நின்று உங்களாலும் என்னாலும் சொல்ல முடியாது. பிப்ரவரி வரை மண்புழுவே போதும்.